பேர்ட், பின்ட், டார்ட், ஹஸ்ஸி: பிரிட்டிஷார் பெண்களுக்கு வைத்த பழைய பெயர்கள்

கேள்வி இதுதான்: பழைய பிரிட்டிஷ் தொடர்களிலும் நாவல்களிலும் பெண்களை 'பேர்ட்', 'பின்ட்', 'டார்ட்', 'க்ரம்பெட்' என்றெல்லாம் சொல்கிறார்களே, இதற்கெல்லாம் என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தன, இன்றைக்கு லண்டனில் போய் யாரிடமாவது சொன்னால் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சொல்லாதீர்கள். மற்ற இரண்டுக்கும் பதில் நீளம், ஏனென்றால் இந்தச் சொற்களில் பாதிக்கு மேல் வசவாகப் பிறக்கவே இல்லை. மரியாதைச் சொல், செல்லப்பெயர், தொழிற்பெயர், ஏன், ஆண்களைத் திட்டிய சொல்கூட, காலப்போக்கில் சறுக்கிச் சறுக்கிப் பெண்களின் தலையில் வந்து விழுந்திருக்கிறது.

ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 'பிராட்', 'ஃப்ளூசி' எல்லாம் அமெரிக்கச் சரக்கு. 'ஷீலா' ஆஸ்திரேலியச் சரக்கு. ஹாலிவுட் துப்பறியும் படங்களில் கேட்கிற 'டேம்' என்பதும் அமெரிக்கப் பேச்சுதான். பிரிட்டனில் 'டேம்' என்றால் அரசர் கொடுக்கும் பட்டம்; இல்லையென்றால் கிறிஸ்துமஸ் சமயத்துப் பாண்டமைம் நாடகத்தில் ஒரு ஆண் பெரிய பாவாடை கட்டிக்கொண்டு வந்து சிரிக்க வைக்கும் கிழவி வேடம்.

சரி, 'பேர்ட்'. எல்லோரும் இதைப் பறவை என்றே எடுத்துக்கொள்கிறார்கள், தவறில்லை, ஆனால் கதை அவ்வளவு நேரானதல்ல. 1200-க்குப் பிந்தைய நடுக்கால ஆங்கிலத்தில் 'பர்ட்' என்று தனியாக ஒரு சொல் இருந்தது. உயர்குடிப் பெண், நங்கை என்று பொருள். கவிதைகளில்தான் அதிகம் வரும், கன்னி மரியாளையே அப்படிப் பாடியிருக்கிறார்கள். பறவைக்கான சொல் அப்போது 'பிரிட்', அதுவும் குஞ்சுகளுக்கு. பொதுவாகப் பறவை என்றால் 'ஃபௌல்', இன்றைக்குக் கோழியோடு சுருங்கிப்போன அதே சொல். நம்மவர்கள் மதுரையை 'மருதை' என்பதுபோல 'பிரிட்'டில் ரகரம் இடம் மாறி 'பேர்ட்' ஆனது. ஒலி ஒன்றானதும் நங்கையும் பறவையும் கலந்துவிட்டார்கள். அப்புறம் அந்தப் பொருள் பல நூற்றாண்டுகள் மங்கிக் கிடந்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெருப்பேச்சில் மறுபடி தலையெடுத்தது. நடுவில் இவ்வளவு இடைவெளி இருப்பதால், இடைக்கால நங்கையின் நேர் வாரிசு இது என்று கொண்டாடுவதை நான் ஏற்பதில்லை. பறவையிலிருந்து இரண்டாம் முறை கிளம்பியதாகவே எடுத்துக்கொள்கிறேன். 1960-களில் மினி ஸ்கர்ட்டும் லண்டனின் நவநாகரிக உடைக் கடைவீதியான கார்னபி தெருவும் கொடிகட்டிப் பறந்தபோது 'டாலி பேர்ட்' என்ற கூட்டுச்சொல் பத்திரிகையெல்லாம் நிறைந்தது. 1969-இல் பிபிசி லிவர்பூலின் இரண்டு இளம்பெண்களைப் பற்றித் தொடங்கிய நகைச்சுவைத் தொடருக்கு 'தி லிவர் பேர்ட்ஸ்' என்றே பெயர் வைத்தது. அந்நகரத்தின் சின்னமான லிவர் பறவையும் பெண்களும் ஒரே சொல்லில் அடக்கம். சிறைக்குப் போய்வந்தவனை 'பேர்ட் செய்துவிட்டு வந்தான்' என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது காக்னிக்காரர்கள் என்கிற லண்டன் உழைக்கும் மக்களின் எதுகைப் பேச்சு: பறவை பிடிக்கும் பசைக்குப் பெயர் 'பேர்ட் லைம்', அது சிறைக்காலத்தைச் சொல்லும் 'டைம்' என்பதோடு எதுகை சேரும், அவ்வளவுதான்.

'பின்ட்' பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் இந்தப் பட்டியலில் கசப்பான சொற்களில் ஒன்று. அரபியில் 'பின்த்' என்றால் மகள், சிறுமி. ஆணுக்கு 'இப்னு' எப்படியோ பெண்ணுக்கு 'பின்த்' அப்படி. இன்னாருடைய மகள் என்று பெயரோடு சேர்த்து எழுதுவது, முழுக்க மரியாதையான வழக்கு. தமிழ் முஸ்லிம்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1882-இல் பிரிட்டன் எகிப்தைப் பிடித்தது, பட்டாளம் அங்கேயே தங்கியது, இரண்டு உலகப்போர்களிலும் லட்சக்கணக்கான சிப்பாய்கள் கெய்ரோ வழியாகப் போய் வந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்ட எகிப்தியப் பெண் ஒன்று கடைவீதியில் இருந்தாள், அல்லது விபசார விடுதியில் இருந்தாள். இருவருக்கும் அவர்களிடம் இருந்தது ஒரே சொல்தான். அது மூட்டை முடிச்சோடு கப்பலேறி ஊருக்கு வந்தபோது மகள் என்ற பொருள் எகிப்திலேயே நின்றுவிட்டது. இன்றைக்கும் பிரிட்டனில் 'சில்லி பின்ட்' என்றால் முட்டாள் சிறுக்கி என்கிற தொனிதான். இனவெறியும் பெண்வெறுப்பும் ஒரே அசையில் சேர்ந்த சொல் என்று சொன்னால் மிகையில்லை.

சாப்பாட்டுச் சொற்கள் இன்னொரு வகை, இதில் சுவையான திருப்பம் 'டார்ட்'. பழம் அல்லது ஜாம் வைத்துச் சுடுகிற திறந்த பணியாரம் அது. இன்றைக்கு ஒரு பெண்ணை டார்ட் என்றால் நேரடியாக ஒழுக்கத்தைக் குறிவைக்கிற திட்டு. ஆனால் 1860-களில் ஜான் கேம்டன் ஹாட்டன் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியைத் திறந்தால், லண்டன் ஏழை எளியவர்கள் தமக்குப் பிரியமான இளம்பெண்ணைப் பாராட்டிச் சொல்லும் சொல் என்று இருக்கிறது. அதுவும் அவள் நல்ல உடுப்பு உடுத்தியிருக்கும் நாளில் சொல்வதாம்! அதாவது ஞாயிற்றுக்கிழமை தொப்பியும் ரிப்பனுமாக வரும் காதலியைப் பார்த்து 'என் கண்ணு' என்கிற மாதிரி. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதே சொல் விலைமாதுக்குப் போய்விட்டது. நல்ல உடுப்பு என்கிற பகுதி மட்டும் ஒட்டிக்கொண்டே இருந்தது, அதனால்தான் பழைய வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்குவதை இன்றும் 'டார்ட் அப்' என்கிறார்கள்.

'க்ரம்பெட்' என்பது பொத்துப்பொத்தாக ஓட்டை விழுந்த, ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி இருக்கும் ஒரு பண்டம். சூடாக வெண்ணெய் தடவித் தின்பார்கள். 1930-களிலிருந்து ஆண்கள் கூடிய இடத்தில் 'கவர்ச்சியான பெண்கள்' என்பதற்கு மொத்தக் குறியீடு. இதில் ஒருமை பன்மைகூடக் கிடையாது, 'கொஞ்சம் க்ரம்பெட்' என்று தட்டில் அள்ளி வைக்கிற சாமானாகவே பேசுவார்கள். 1960-களில் பிபிசியின் இரவு நேர விவாத நிகழ்ச்சியை நடத்திய ஜோன் பேக்வெல்லை, நகைச்சுவை எழுத்தாளர் ஃபிராங்க் மியூர் 'சிந்திக்கிற ஆணின் க்ரம்பெட்' என்று வர்ணித்தார். பாராட்டு என்றுதான் நினைத்திருப்பார். கேம்பிரிட்ஜில் படித்த அந்தப் பெண்மணி எத்தனையோ பேட்டிகள் எடுத்து, டேம் பட்டமும் பெற்று, 2011-இல் பிரபுக்கள் சபை உறுப்பினராகவும் ஆனார். ஆனாலும் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஒரு வாக்கியத்தை விடுவதாக இல்லை. நானும் விடவில்லை பாருங்கள்.

அடுத்து, பெயர்ச்சொல்லே பொதுச்சொல்லாகிவிட்ட கூட்டம். 'டால்' என்றால் பொம்மை, பெண்ணைப் பொம்மை என்கிறார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது தலைகீழ். டாரதி என்ற பெயரின் செல்லச் சுருக்கம் 'டால்'. ஆங்கிலத்தில் செல்லப்பெயராக்கும்போது ரகரம் லகரமாகிவிடும்: மேரி 'மால்' அல்லது 'மாலி', சேரா 'சாலி', ஹாரி 'ஹால்'. ஷேக்ஸ்பியரிடம் டால் டேர்ஷீட் என்று ஒரு விடுதிப் பெண் வருகிறாள். அந்தக் காலத்தில் குழந்தைகள் விளையாடும் பொம்மைக்குப் பெயர் 'பேபி' அல்லது 'பாப்பெட்'. 1700-ஐ ஒட்டித்தான் பொம்மைக்கு 'டால்' என்ற பெண்பெயரை வைத்தார்கள். ஆக, பெண்ணின் பெயர்தான் பொம்மைக்குப் போனது. மேரியின் 'மால்' இன்னும் கீழே போனது. 1600-களின் தொடக்கத்தில் லண்டனில் ஆண் உடையில் குழாய் புகைத்துக்கொண்டு திரிந்த மேரி ஃப்ரித் என்ற பெண்ணை 'மால் கட்பர்ஸ்' என்பார்கள், பை அறுக்கும் மால் என்று பொருள். பிற்பாடு திருடனின் கூட்டாளிப் பெண் எல்லோருமே 'மால்' ஆனார்கள்.

'ஜூடி' பஞ்ச் பொம்மலாட்டத்தில் பஞ்சிடம் அடிவாங்கும் மனைவி. லிவர்பூல் துறைமுகப் பேச்சில் 'ஜூடி' என்றால் பொதுவாகப் பெண்பிள்ளை, அங்கே அதில் பெரிய இழிவு கிடையாது. 'ஓல்டு பிட்டி' என்று தொணதொணக்கும் கிழவியைச் சொல்வதில் பிரிட்ஜெட் என்ற ஐரிஷ் பெயரும் கலந்திருக்கிறது (வீட்டு வேலைக்கு வந்த ஐரிஷ் பெண்களில் பலருக்கு அந்தப் பெயர்), கோழியைக் கூப்பிடும் 'பிட்டி'யும் கலந்திருக்கிறது. சீமாட்டிகளின் பணிப்பெண்ணுக்கு 'அபிகெயில்' என்று பெயர். அது பைபிளில் தாவீதிடம் தன்னைத் திரும்பத் திரும்ப 'உமது அடியாள்' என்று சொல்லிக்கொள்ளும் அபிகாயிலிலிருந்து வந்தது. 1616-இல் அச்சான ஒரு நாடகத்தில் பணிப்பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்ததும் நிலைத்துவிட்டது.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி, ஆண்களைச் சொன்ன சொற்கள் இடம் மாறிய கதை. 'ஹார்லட்' என்றால் இன்று பரத்தை. 13-ஆம் நூற்றாண்டில் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதன் பொருள் நாடோடி, பிச்சைக்காரன், போக்கிரிப் பயல். 14-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய கான்டர்பரி கதைகளின் முன்னுரையில் சம்மனர் என்று ஒரு ஆள் வருகிறான். சர்ச் நீதிமன்றத்துக்கு ஆட்களை இழுத்துவரும் சேவகன், முகமெல்லாம் கொப்புளம், வாயெல்லாம் பூண்டு வாசனை, லஞ்சப் பேர்வழி. அவனைத்தான் சாசர் நல்ல மனசுள்ள 'ஹார்லட்' என்று நக்கலாகச் சொல்கிறார். அதே வர்ணனையில் சில வரிகள் தள்ளி, அந்த மறைமாவட்டத்தின் இளவட்ட 'கேர்ல்'கள் எல்லாம் அவன் பிடியில் இருந்ததாகவும் வருகிறது. அந்தக் காலத்தில் 'கேர்ல்' என்றால் ஆண் பெண் இருபாலிலும் இளையவர்கள். ஆணைக் குறித்த 'ஹார்லட்'டும் இருபாலையும் குறித்த 'கேர்ல்'லும் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பின்னால் இரண்டுமே பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டன.

'ஷ்ரூ' கதையும் இதேதான். சண்டைக்காரி, வாயாடி என்று இன்றைக்குப் பொருள். நடுக்காலத்தில் கெட்ட ஆணைத்தான் பெரும்பாலும் 'ஷ்ரூ' என்றார்கள். அதிலிருந்து கிளைத்த 'ஷ்ரூட்' என்ற சொல்லும் முதலில் கெட்ட, விஷமமான என்றுதான் பொருள்பட்டது. வணிகம், அரசியல் என்று ஆண்கள் புழங்கிய இடத்தில் 'ஷ்ரூட்' மெல்ல மெல்ல 'சாமர்த்தியமான' என்று உயர்ந்துவிட்டது. வீட்டுக்குள் இருந்த 'ஷ்ரூ'வுக்கு அந்தப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. 'டெர்மகன்ட்' இன்னும் வேடிக்கை: முஸ்லிம்கள் கும்பிடுவதாக இடைக்காலக் கிறித்தவர்கள் கற்பனையாகவே உருவாக்கிய ஒரு தெய்வம், நாடக மேடையில் கத்திக் கூச்சல் போடும் பாத்திரம். பிற்பாடு கத்துகிற பெண்ணெல்லாம் 'டெர்மகன்ட்' ஆனாள். 'ஹாய்டன்' 1590-களில் நாகரிகம் தெரியாத பட்டிக்காட்டான், இப்போது அடங்காத பெண்பிள்ளை. 'டாம்பாய்' என்பதே முதலில் துடுக்கான பையனைக் குறித்ததுதான், சொல்லில் 'பாய்' அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுச் சொற்களுக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. 'ஹஸ்ஸி' என்றால் வெட்கங்கெட்டவள். அது எதன் சிதைவு தெரியுமா? 'ஹவுஸ்வைஃப்', இல்லத்தரசி! 'ஹஸ்விஃப்', 'ஹஸிஃப்', 'ஹஸ்ஸி' என்று தேய்ந்து, முதலில் வீட்டுக்காரி, பிறகு கிராமத்துப் பெண், பிறகு சொன்ன பேச்சு கேட்காதவள், கடைசியில் இது. அதே 'ஹஸிஃப்' பிரிட்டிஷ் பட்டாளத்தில் வேறு உருவில் பிழைத்துக்கொண்டது: ஊசி, நூல், பொத்தான் வைத்துச் சுருட்டிக் கட்டும் துணிப்பைக்கு அதுதான் பெயர், சிப்பாய் ஒவ்வொருவனும் கிழிந்த சட்டையைத் தைக்கத் தன் மூட்டையில் ஒரு 'ஹஸிஃப்' வைத்திருப்பான்.

'ஸ்லட்' என்பது இன்றைக்கு எவ்வளவு மோசமான வசை என்று சொல்ல வேண்டியதில்லை. 1400-களில் அதற்குப் பொருள் அழுக்குப்பிடித்தவள், வீட்டைப் பெருக்காதவள், அவ்வளவே. கட்டிலுக்கு அடியில் சேரும் தூசிச் சுருளை 'ஸ்லட்டின் கம்பளி' என்பார்கள். 1664-இல் லண்டன் கடற்படை அதிகாரி சாமுவேல் பெப்பிஸ் தன் புகழ்பெற்ற நாட்குறிப்பில், வீட்டு வேலைக்கு இருக்கும் சின்னப்பெண் சூசன் பிரமாதமான 'ஸ்லட்', எங்களுக்கு ரொம்பத் திருப்தி, மற்ற இரண்டு பேரைவிட அதிகம் வேலை செய்கிறாள் என்று எழுதுகிறார். சமையலறையில் ஓடியாடும் சுட்டிப்பெண்ணை 'கழுதை' என்று செல்லமாகத் திட்டுகிற தொனி அது. இன்றைய பொருளை வைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தால் பெப்பிஸ் மேல் இல்லாத பழியைப் போட்டுவிடுவோம் (உள்ள பழிகளே அவருக்குப் போதும்).

'க்வீன்' என்ற ஒலியில் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன, ஒரே வேர், பெண் என்றே பொருள். ஒன்று அரியணை ஏறி ராணியானது. எழுத்தில் ஓர் உயிரெழுத்து மட்டும் வேறான மற்றொன்று தெருவுக்குப் போய்ப் பரத்தை என்று பொருள்பட்டு வழக்கொழிந்தது. ஆனால் ஸ்காட்லாந்தின் அபர்தீன் பக்கம் போனால் 'க்வைன்' என்று இன்றும் பெண்பிள்ளைகளைச் சொல்கிறார்கள், ஒரு குறையும் இல்லாமல். 'மிஸ்ட்ரஸ்' ஒருகாலத்தில் எஜமானி. 'மேடம்' என் சீமாட்டி. மிஸ்ட்ரஸ் வைப்பாட்டியானாள், மேடம் விபசார விடுதி நடத்துகிறவளும் ஆனாள். இவர்களுக்கு ஜோடியான 'மாஸ்டர்', 'சர்' இரண்டும் அலுங்காமல் இருக்கின்றன. நம் பக்கம் தேவரடியார் என்ற சொல்லுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துப் பாருங்கள். சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நிவந்தம் கொடுத்தவர்களாக நிற்கும் பெண்களின் பெயர் அது. இன்று தெருச்சண்டையில் எந்த உருவில் வருகிறது என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

'ஸ்பின்ஸ்டர்' நூல் நூற்பவள். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து சட்ட ஆவணங்களில் மணமாகாத பெண்ணுக்கு அதுதான் அடைமொழி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமணப் பதிவேட்டில் மணமகன் 'பேச்சலர்', மணமகள் 'ஸ்பின்ஸ்டர்' என்றே எழுதிவந்தார்கள். 2005 டிசம்பரில், ஒருபாலினத்தவருக்கான சிவில் பார்ட்னர்ஷிப் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் இரண்டையும் எடுத்துவிட்டு 'சிங்கிள்' என்று போட்டார்கள். பேச்சலருக்கு விருந்து உண்டு, பட்டம் உண்டு, ஜாலியான பெயர். ஸ்பின்ஸ்டருக்குக் கிடைத்ததெல்லாம் பூனையும் பரிதாபமும்தான்.

மணமாகாத பெண்ணை 18-ஆம் நூற்றாண்டில் இதைவிட மோசமாகவும் சொன்னார்கள். கேப்டன் ஃபிரான்சிஸ் கிரோஸ் 1785-இல் கொச்சைமொழி அகராதி ஒன்றைப் போட்டார்; கீழ்த்தட்டு லண்டனின் பேச்சு முழுக்க அதில் இருக்கும். அதில் 'ஏப் லீடர்' என்று ஒரு பதிவு: குரங்குகளை நடத்திச் செல்பவள், அதாவது கன்னியாகவே கிழவியானவள். பலுகிப் பெருகச் சொன்ன பைபிள் கட்டளையை மீறியதற்குத் தண்டனையாக நரகத்தில் குரங்குகளைக் கயிறு கட்டி இழுத்துப் போவாளாம்! ஷேக்ஸ்பியர் காலத்திலேயே இருந்த பேச்சு இது. விலைமாதுக்கு 'கோவென்ட் கார்டன் கன்னியாஸ்திரி', விடுதிக்காரிக்கு 'மடத்துத் தலைவி' என்ற கேலிப் பெயர்களும் கிரோஸிடம் உண்டு. கத்தோலிக்கர் மேலும் ஒரு இடி, பெண்கள் மேலும் ஒரு இடி. அவருக்கு 200 ஆண்டு முன்னால், 1560-களில், கென்ட் பகுதி நீதிபதி தாமஸ் ஹார்மன் நாடோடித் திருடர்களின் ரகசியப் பேச்சைத் தொகுத்தார். 'மார்ட்' என்றால் பெண், 'ஆட்டம் மார்ட்' சர்ச்சில் தாலி கட்டியவள், 'டாக்ஸி' திருடனோடு திரிபவள். (வாடகைக் காருக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.)

மனைவிகளுக்கான பெயர்களில் கொஞ்சம் பாசமும் கலந்திருக்கும். 'ட்ரபுள் அண்ட் ஸ்ட்ரைஃப்', தொல்லையும் சண்டையும், 'வைஃப்' என்பதோடு எதுகை. 'மை ஓல்டு டச்' என்றால் ஹாலந்து நாட்டுக்காரி கிடையாது. பிரபுவின் மனைவியான 'டச்சஸ்' என்பதன் சுருக்கம் என்றே பெரும்பாலும் விளக்குகிறார்கள். மேடைப் பாடகர் ஆல்பர்ட் ஷெவாலியே 1892-இல் இதைப் பாடிப் பிரபலமாக்கினார். 40 வருடம் கூட வாழ்ந்த கிழவியை நினைத்து ஒரு ஏழைக் கிழவன் உருகும் பாட்டு. இதற்கு நேர் எதிர் 'எர் இண்டோர்ஸ்', வீட்டுக்குள் இருக்கிறாளே அவள். 1979-இல் தொடங்கிய 'மைண்டர்' தொடரில் ஆர்தர் டேலி என்ற தகிடுதத்த வியாபாரி தன் மனைவியை இப்படியே குறிப்பிடுவான், அந்த அம்மாள் திரையில் ஒருமுறைகூட வரமாட்டாள். நம் ஊர்ப் பெரிசுகள் 'வீட்ல சொல்லணும்' என்பார்களே, அதற்குப் பக்கத்தில் வரும்.

படித்த பெண்ணைக் கிண்டல் செய்த 'ப்ளூஸ்டாக்கிங்' ஒரு ஆணின் காலுறையிலிருந்து வந்தது. 1750-களில் லண்டனில் எலிசபெத் மாண்டேகு போன்ற சீமாட்டிகள் சீட்டாட்டத்தை விட்டு இலக்கியம் பேசக் கூடினார்கள். தாவரவியல் அறிஞர் பெஞ்சமின் ஸ்டில்லிங்ஃப்ளீட் அங்கே வருவார். விருந்துக்கு உடுத்த வேண்டிய பட்டுக் காலுறை இல்லாமல் அன்றாட நீலக் கம்பளிக் காலுறையோடே வருவார். முதலில் அந்தக் கூட்டத்துக்கே அது செல்லப்பெயர், ஆண்களும் சேர்த்திதான். சில பத்தாண்டுகளில் ஆண்கள் கழன்றுகொண்டார்கள், பெயர் பெண்களுக்கு மட்டும் ஆனது. 'ஃப்ளாப்பர்' அதேபோல அரசியலுக்குள் போனது: பறக்கப் பழகும் காட்டு வாத்துக்குஞ்சு, பிறகு துள்ளித் திரியும் பதின்வயதுப் பெண். 1918-இல் 30 வயதுக்கு மேல், அதுவும் சொத்துத் தகுதியோடு, பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது. 1928-இல் ஆண்களைப் போலவே 21 வயதில் எல்லோருக்கும் கொடுக்க முனைந்தபோது 'டெய்லி மெயில்' அதை 'ஃப்ளாப்பர் ஓட்டு' என்று பழித்துப் பிரசாரம் செய்தது. அதில் புதிதாக ஓட்டுப் பெற்ற 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் 30 தாண்டிய, வேலைக்குப் போகிற, வீட்டுச் சொத்து இல்லாத பெண்களும் ஏராளம். ஆனால் 'ஃப்ளாப்பர்' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் குட்டைப்பாவாடைச் சிறுமிகள் கையில் நாட்டைக் கொடுக்கிறார்கள் என்று பயமுறுத்த வசதியாக இருந்தது.

இந்தியாவிலும் இவர்கள் சும்மா இருக்கவில்லை. குளிர்காலத்தில் கப்பலேறி வரன் தேடி வந்த வெள்ளைக்காரப் பெண்களை 'ஃபிஷிங் ஃப்ளீட்', மீன்பிடிப் படகுக் கூட்டம் என்றார்கள். மாப்பிள்ளை அமையாமல் திரும்பியவர்களை 'ரிட்டர்ன்டு எம்ப்டீஸ்' என்றார்கள், சோடாக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பும் காலிப் பாட்டில்கள்! இத்தனை வசவுகளிலும் எனக்கு மிகக் குரூரமாகத் தோன்றுவது இதுதான். ஒரு கெட்ட வார்த்தையும் கிடையாது, கணக்குப்பிள்ளை எழுதுகிற சொல். கோடையில் புருஷன் சமவெளியில் வேலை பார்க்க, ஊட்டியிலோ சிம்லாவிலோ தங்கும் மனைவி 'கிராஸ் விடோ', புல் விதவை. 1520-களில் அந்தச் சொல்லின் பொருள் கைவிடப்பட்ட காதலி, தாலி இல்லாமல் தாயானவள். இந்தியாவுக்கு வந்து கொஞ்சம் மரியாதைப்பட்டாலும் கண்சிமிட்டல் போகவில்லை; 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல் அகராதியும் இதில் கொஞ்சம் துவேஷம் கலந்திருப்பதைக் குறிப்பிடுகிறது. அந்த அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து சரசுவதி மகால் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். 'மேம்சாகிப்' வங்காளத்து வழக்கு, சென்னை மாகாணத்தில் 'தொரெசானி' என்று அதில் பதிவாகியிருக்கிறது. நம் துரைசானிதான்.

இப்போது நிலவரம் என்ன? 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகளை எதிர்த்து ஒரு மனு கிளம்பியது. பெண் என்ற சொல்லுக்கு இணைச்சொற்களாக இணையத்தில் கிடைத்த பட்டியலில் 'பின்ட்', 'பேர்ட்', 'பிட்டி', 'ஃபில்லி' (பெண் குதிரைக்குட்டி), 'பேகேஜ்' (மூட்டை), 'பீசம்' (துடைப்பம்) எல்லாம் இருந்தன. 30,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள், 2020-இல் பதிவுகளைத் திருத்தினார்கள். அகராதி ஆட்களின் வாதம், நாங்கள் மொழியைப் பதிவு செய்கிறோம், உருவாக்கவில்லை என்பது. நியாயம்தான், இந்தப் பதிலே அப்படிப்பட்ட அகராதிகள் இல்லாமல் எழுத முடிந்திருக்காது. ஆனால் இழிவு என்ற குறிப்பே இல்லாமல் துடைப்பத்தை இணைச்சொல்லாக நிறுத்துவது பதிவு ஆகாது.

நேரில் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறை விஷயம். நாட்டிங்ஹாமிலோ ஸ்டோக்கிலோ கடைக்கார அம்மா உங்களை 'டக்' என்பார், கிளாஸ்கோவில் 'ஹென்', நியூகாசிலில் 'பெட்' அல்லது 'ஹின்னி', யார்க்‌ஷயரில் 'லவ்', லிவர்பூலில் 'க்வீன்', பிரிஸ்டல் பக்கம் 'மை லவர்' என்றுகூட வரும். வாத்து, கோழி என்று திட்டுவதாகப் பதற வேண்டாம். நம்ம ஊர் 'கண்ணு', 'தங்கம்', 'சாமி' மாதிரி, இவற்றில் பல ஆண்களுக்கும் உண்டு. பர்மிங்ஹாமுக்குப் பக்கத்து பிளாக் கன்ட்ரியில் தன் தங்கையையோ மனைவியையோ ஒருவர் 'அவர் வென்ச்' என்றால் அதிலும் பாசம்தான். பழைய ஆங்கிலத்தில் குழந்தை என்று பொருள்பட்ட சொல் அது, அந்த ஒரு வட்டாரத்தில் கெடாமல் இருக்கிறது. ஆனால் அதே சொல்லை அமெரிக்காவில் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினப் பெண்களுக்குப் பயன்படுத்தினார்கள், அங்கே அது காயம். ஆகவே அந்த ஊர்க்காரர் உங்களிடம் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள், நீங்களாகத் திருப்பிச் சொல்லிப் பார்க்காதீர்கள். 'பேர்ட்' மட்டும் இப்போது நண்பர்களுக்குள், ஓரளவு விளையாட்டாக ஓடுகிறது. 'பின்ட்', 'டார்ட்' இரண்டையும் படிக்கும்போது புரிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.